ஜான் ஆபிரகாம் படங்களை ஊர் ஊராகப் போட உங்கள் காசு வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். இயக்குநர் ஜான் ஆபிரகாமின் இரண்டு படங்களை நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று நான்கு இடங்களில் டிக்கெட் இல்லாமல், திறந்தவெளியில் போடுவதாக நம் வாசகசாலைக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. (அதே பெயருள்ள இந்தி நடிகர் இல்லை. இதையே நிறையப் பேர் கேட்டாச்சு.)

இந்த ஜான், புனே திரைப்படக் கல்லூரியில் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கிடம் படித்தவர். எடுத்தது நாலே முழுநீளப் படங்கள். அதில் ஒன்று தமிழ், 1977இல் வந்த 'அக்ரகாரத்தில் கழுதை'. தாயில்லாக் கழுதைக்குட்டியை ஒரு பேராசிரியர் வளர்க்க, அக்ரகாரத்துக்காரர்கள் அதைக் கொன்றுவிட்டு அப்புறம் அதையே கும்பிடக் கிளம்புகிறார்கள். தேசிய விருது வாங்கிய தமிழ்ப் படம்தான், ஆனால் நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

நாங்கள் போடப்போகும் இன்னொன்று 1986இல் வந்த மலையாளப் படம் 'அம்ம அறியான்'. கதையைவிட அதற்குக் காசு வந்த விதம்தான் எங்களை இதில் இறக்கியது. தயாரிப்பாளர் என்று ஒரு முதலாளி இல்லை. 'ஒடேசா' என்ற பெயரில் நண்பர்கள் கூடி, கேரளத்தில் ஊர் ஊராகப் போய், தெருநாடகம் போட்டு, படம் காட்டி, சாதாரண ஜனங்களிடம் கையேந்திச் சேர்த்த பணம் அது. செத்துப்போன ஓர் இளைஞனின் அம்மாவிடம் செய்தி சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சிக்குப் போகிறவனோடு வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்துகொண்டே போவதுதான் படம். மெதுவாகத்தான் நகரும், சிலருக்குத் தூக்கம் வரும், வந்தாலும் பரவாயில்லை. மறுவருடம் மே 31 அன்று கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து ஜான் இறந்துபோனார். வயது 49.

நகைக்கடை பேனர் கட்டினால் ஒரே நாளில் பணம் வந்துவிடும்தான். இந்தப் படத்துக்கு அது வேண்டாம் என்று கமிட்டிக்குள் சண்டை போட்டே முடிவெடுத்தோம்.

திரையிடும் அனுமதி, புரொஜெக்டர், ஸ்பீக்கர், வண்டிக்கூலி, தமிழ் சப்டைட்டில் (களியக்காவிளைப் பக்கத்து ஆட்கள் சிரிக்க வேண்டாம், எல்லாருக்கும் மலையாளம் தெரியாது), ரெண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் என்பதால் பந்தல், எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் பக்கம் ஆகும். 10 ரூபாயும் வாங்குவோம். ஒருவரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதாக இல்லை. சாயங்காலம் 5 மணிக்கு மேல் வாசகசாலையில் ரசீதுப் புத்தகத்தோடு ஆள் இருக்கும், ரசீது கேட்டு வாங்குங்கள். வரவு செலவு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். குளச்சலில் மட்டும் இன்னும் இடம் அமையவில்லை, காலி மனையோ தோப்போ வைத்திருப்பவர்கள் ஒரு ராத்திரிக்குத் தந்தால் போதும், அதையும் நன்கொடைக் கணக்கில்தான் எழுதுவோம்.