மிசூரி பிரேக்ஸுக்கு எல்க் வேட்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேட்டைக்கார நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மிசூரி ஆற்றோரம் பள்ளமும் சரிவுமாகக் கிடக்கும் பகுதிதான் மிசூரி பிரேக்ஸ். எல்க் என்னும் பெரிய மானுக்கு இங்கே செப்டம்பர் முதல் வாரம் வில் வேட்டை தொடங்கிவிடும். அக்டோபர் கடைசியில் துப்பாக்கி வேட்டை திறந்தால் ஐந்து வாரம் ஓடும். வினிஃப்ரெட், ராய், ஜோர்டன் பக்கத்து மண்சாலைகளில் அப்போது வெளியூர் வண்டிகளாகத்தான் இருக்கும். பருவம் முடிந்ததும் எங்காவது ஒரு பண்ணைக்காரர், இனி யாருக்கும் அனுமதி இல்லை என்று முடிவெடுத்துவிடுகிறார். எல்க்கைச் சுட்டதற்காக அப்படி முடிவெடுப்பவர் அரிது. திறந்து கிடந்த படல், உழுதுபோட்டதுபோல் ஆகிவிட்ட சாலை, பள்ளத்தில் அழுகிக் கிடந்த கறி, இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். மூன்றுமே தவிர்க்கக்கூடியவை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் புல். இங்கே ஆண்டு முழுக்கப் பெய்வதே 12, 13 அங்குலம். கன்றோடு இருக்கும் ஒரு பசு மாதத்துக்கு ஏறத்தாழ 360 கிலோ உலர்புல் தின்னும். ஓர் எல்க்குக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆக, 150 எல்க் ஒரு மாதம் தங்கினால் 100 பசுக்களின் ஒரு மாத மேய்ச்சல் போயிற்று. குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த புல்போரில் வாய் வைக்கப் பழகிவிட்டால், சுற்றிலும் 8 அடி உயரத்துக்கு வேலி போட்டால்தான் தடுக்க முடியும்.

எல்க் இந்த மண்ணுக்குப் புதியதல்ல. 1805 மே மாதம், மேற்கை ஆராயப் புறப்பட்ட லூயிஸும் கிளார்க்கும் மிசூரி ஆற்றில் படகை இழுத்துக்கொண்டு போனபோது கரையோரம் தாராளமாகத் திரிந்தது. 20ஆம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில் பிரேக்ஸில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1951இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து பிடித்து வந்து விட்டவற்றின் வழிவந்தவைதான் இன்று இருப்பவை. சார்லஸ் எம். ரஸல் வனவிலங்குக் காப்பகத்தின் 11 இலட்சம் ஏக்கர், பொது நிலம், பண்ணைப் புல்வெளி என்ற எல்லையெல்லாம் அவற்றுக்கு இல்லை. பகலில் காப்பகத்து ஜூனிபர் புதரில் படுத்திருக்கும், இரவில் பண்ணைக்காரரின் குதிரைமசால் வயலில் மேயும்.

அதனால் அனுமதி கேட்கப் போகும்போது பெட்டைக்குக் கேளுங்கள். ஒரு கொம்பனைச் சுட்டால் அதன் கூட்டத்தை அடுத்த கொம்பன் சேர்த்துக்கொள்ளும். மே கடைசியில் பிறக்கப்போகும் கன்றுகளில் ஒன்றுகூடக் குறையாது. பெட்டையைச் சுட்டால்தான் மந்தை குறையும். கொம்பில்லாதவற்றுக்கென்றே ‘எல்க் பி’ உரிமம் இருக்கிறது. பெட்டை போதும் என்று வருகிறவருக்குத் திறக்கும் கதவுகள், பெரிய கொம்பு தேடி வருகிறவருக்குத் திறப்பதில்லை.

வேட்டை தொடங்கும் நாளின் விடியற்காலையில் போய் அனுமதி கேட்காதீர்கள். கோடையிலேயே போங்கள். ஜூலையில் புல்லறுப்பு நடக்கும், ஆகவே சாயங்காலமாகப் போவது நல்லது. எத்தனை பேர், எந்தத் தேதிகள், வண்டி எண் என்ன என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தனியார் நிலத்தில் பலகை இல்லாவிட்டாலும் அனுமதியில்லாமல் வேட்டையாடுவது மொன்டானா சட்டப்படி குற்றம். வேலிக்காலில் பளிச்சென்ற ஆரஞ்சு வண்ணம் தீட்டியிருந்தால் உள்ளே வராதே என்று பொருள். பண்ணை நிலத்தில் பொதுமக்களை வேட்டைக்கு விடுவதற்கென்று 1985 முதல் நடக்கும் பிளாக் மேனேஜ்மென்ட் திட்டத்தில் சேர்ந்த பல பண்ணைகளில் வாசல் பெட்டியிலேயே சீட்டு இருக்கும். அதை நிரப்பாமல் நுழையக்கூடாது.

அடுத்தது படல். இங்கே பல வாசல்களுக்கு இரும்புக் கதவு கிடையாது. நான்கைந்து தடிகளில் முள்கம்பியை இழுத்து அடித்து, கடைசித் தடியை மேலும் கீழும் இரண்டு கம்பி வளையங்களில் மாட்டி வைத்திருப்பார்கள். மூடும்போது தடியின் அடியை முதலில் கீழ் வளையத்துக்குள் இறக்குங்கள். பிறகு வேலிக்காலைக் கையால் சுற்றிப் பிடித்து, தடியைத் தோளால் நெருக்கி, மேல் வளையத்தைத் தலையில் மாட்டுங்கள். மேல் வளையத்தில் தொடங்கினால் எவ்வளவு பலம் இருந்தாலும் எட்டாது. எட்டவில்லை என்று சாய்த்து வைத்துவிட்டுப் போவதால்தான் வினை. ஒரு பசு உரசினாலே படல் விழுந்துவிடும். அக்டோபரில் கன்றுகளைப் பால்மறக்கடித்து, விற்பதற்கென்று தனியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அவை மறுபடி தாயோடு கலந்தால் நான்கு குதிரைக்காரர்களுக்கு ஒரு முழுநாள் வேலை.

திறந்திருந்த படலைத் திறந்தபடியே விடுங்கள். உபகாரம் என்று நினைத்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. அது தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஒரே வழியாக இருக்கலாம். வெயில் நாளில் ஒரு பசுவுக்கு 50 லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு நாள் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வேலியைத் தாண்டுவதானால் வேலிக்காலுக்குப் பக்கத்தில் தாண்டுங்கள். நடுக்கம்பியில் ஏறினால் ஆணி பிடுங்கிக்கொள்ளும். எல்க் தாண்டுவதற்கென்றே மேல்கம்பியை 40 அங்குலத்துக்கு மேல் போகாமலும், கீழ்க்கம்பியை முள்ளில்லாமல் 16 அங்குலத்துக்குக் குறையாமலும் கட்டுகிறார்கள். மந்தையை வண்டியில் துரத்தினால் அவ்வளவு பாடும் வீண். பெரியவை தாவிவிடும். கன்றுகள் வேலியோரமாக ஓடி ஓடி, கடைசியில் கம்பியில் கால் சிக்கி நிற்கும்.

இனி சேறு. இங்கத்து ஆட்கள் இதைக் கம்போ என்பார்கள். கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு நடந்தவருக்கு இதன் குணம் தெரியும். இரண்டும் நீரை உறிஞ்சி ஊதும் களிமண்தான். கால் அங்குல மழை போதும். டயரில் ஒட்டிய மண், அடுத்த சுற்றில் இன்னும் மண்ணை ஒட்டிக்கொண்டு, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றாமலேயே நின்றுவிடும். நான்கு சக்கரத்துக்கும் சங்கிலி போட்டால் வண்டி நகரும், ஆனால் சாலை போய்விடும். ஓரடி ஆழத்துக்கு விழும் தடம் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். கன்று ஏற்ற வரும் நீண்ட லாரி அதே சாலையில்தான் அதே வாரங்களில் வரவேண்டும்.

ஆகவே மூன்று நாளுக்குக் கூடுதல் உணவும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். மழை விழுந்தால் இருந்த இடத்திலேயே இருங்கள். காற்று அடித்தால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும். இல்லாவிட்டால் இரவுக் குளிரில் மண் உறைந்திருக்கும் விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள் தார்ச்சாலைக்கு வந்துவிடுங்கள். செப்டம்பரில் சேறு இல்லாவிட்டால் நெருப்பு. காய்ந்த புல்லின்மேல் சூடான சைலன்ஸரோடு வண்டியை நிறுத்தக்கூடாது. 2017 ஜூலையில் கார்ஃபீல்ட் கவுண்டியில் மூண்ட தீ 2 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கரை எரித்தது.

கடைசியாகச் சுடுவதும் கறியும். மந்தையாக நெருக்கி நிற்கும்போது சுடாதீர்கள். குண்டு ஒன்றைத் துளைத்து அடுத்ததில் ஏறும். ஒன்று தனித்து நிற்கும்வரை பொறுங்கள். விசையை அழுத்துமுன் இன்னொரு கணக்கும் உண்டு. வளர்ந்த பெட்டை 220 கிலோ, கொம்பன் 300 கிலோவுக்கு மேல். எலும்பெடுத்த கறி மூன்றில் ஒரு பங்கு தேறும். பெட்டையிலேயே 70 கிலோ. எலும்போடு சுமந்தால் தனியாளுக்கு நான்கு நடை. விழுந்த இடம் வண்டியிலிருந்து 2 கிலோமீட்டர் என்றால், முதல் சுமையோடு அங்கிருந்து கிளம்புவதிலிருந்து போக வர மொத்தம் 14 கிலோமீட்டர், அதுவும் வழுக்கும் சரிவில். காப்பகத்துக்குள் எண் போட்ட சாலையை விட்டு வண்டி இறங்கக்கூடாது; கறி எடுக்கப் போவதானாலும் இறங்கக்கூடாது. செப்டம்பர் மாலையில், இருட்டப்போகும் நேரத்தில், பள்ளத்தின் அடியில் நிற்பதைத் தனியாக இருக்கும்போது சுடவே வேண்டாம்.

எல்க்கின் தோல் தடிப்பு, சூட்டை விடாது. முதலில் கெடுவது பின்தொடையில் இடுப்பு மூட்டை ஒட்டிய கறி. மேலே நன்றாக இருக்கும், எலும்போரம் நாறும். குடலை எடுக்காமலே அறுப்பதுதான் பள்ளத்தில் வேகமான வழி. ஒருபக்கமாகச் சாய்த்து, முதுகெலும்பின் மேலே நீளக் கீறி, தோலை வயிற்றுப் பக்கம் உரித்து இறக்குங்கள். முன்சப்பைக்கு மூட்டு கிடையாது, காலைத் தூக்கிப் பிடித்துக் கத்தியை ஓட்டினால் கழன்றுவிடும். பின்தொடையை இடுப்புக் கிண்ணத்தில் மூட்டு தெரியும்வரை அறுத்து, அந்த மூட்டைப் பிடித்திருக்கும் தசைநாரை வெட்டினால் வந்துவிடும். பிறகு முதுகுக்கறி, கழுத்துக்கறி. கடைசி விலாவுக்குப் பின்னால் கைவிட்டு உள்முதுகுக்கறியையும் எடுங்கள். புரட்டிப் போட்டு மறுபக்கம். ஆணா பெண்ணா என்பதைக் காட்டும் உறுப்பு ஒரு தொடையோடு ஒட்டியபடியே இருக்கட்டும், சட்டம் அது. நான்கு கால்களும் முதுகுக்கறியும் விட்டுவிட்டுப் போகக்கூடாதவை.

எடுத்த கறியைப் பருத்தித் துணிப்பையில் போட்டு, வடக்குச் சரிவின் நிழலில் ஜூனிபர் கிளையில் சுற்றிலும் காற்றுப்படத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஆவியில் வெந்ததுபோல் ஆகிவிடும்.

தலையும் முதுகெலும்பும் விழுந்த இடத்திலேயே கிடக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோனால் முறையான குப்பைக் கிடங்கில்தான் போடவேண்டும், வழியில் எந்த ஓடையிலும் எறியாதீர்கள். மான்களை உருக்கிக் கொல்லும் நோய் 2017 முதல் மொன்டானாக் காட்டு மான்களிடம் இருக்கிறது; மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

கிளம்பும்போது பண்ணை வீட்டில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எங்கே சுட்டீர்கள், மந்தை எந்தப் பக்கம் போனது, எத்தனை இருந்தன, எந்த இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போங்கள்.