அஞ்சலை அம்மாள் யாருக்கு உதவினாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பத்திரிகையோட சுதந்திர தின மலர் பார்த்தேன் சார். நல்ல வழவழ பேப்பர், கலர் படங்கள், எல்லாம் சரி. ஆனா உள்ள ஒரு பக்கத்துல, கீழ ஓரத்துல ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. "அஞ்சலை அம்மாள் உள்ளிட்ட தமிழகப் பெண்களும் தங்களால் இயன்ற அளவில் விடுதலைப் போராட்டத்துக்கு உதவினர்." அந்த ஒரு வரியோட பெண்கள் கதையே முடிஞ்சுபோச்சு, மேல பாதிப் பக்கத்துக்கு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி. காலையில காபியோட படிச்சது, ராத்திரி படுக்கும்போதும் அந்த "உதவினர்" நெஞ்சுல முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

யாருக்கு சார் உதவினாங்க?

நான் கடலூர் முதுநகர்க்காரி. அஞ்சலை அம்மாள் 1890ல பொறந்த ஊர். 1921லயே வீட்டை விட்டு ஒத்துழையாமை இயக்கத்துக்கு வந்தவங்க. 1927ல மவுண்ட் ரோட்டுல இருந்த நீல் சிலையை எடுக்கணும்னு போராட்டம் நடந்துச்சே, அந்த நீல் யாருன்னு உங்களுக்கு நான் சொல்லவா வேணும், 1857ல வடக்க ஊர் ஊரா ஜனங்களைத் தூக்குல போட்டுக்கிட்டே போன கர்னல், அவனுக்கு நம்ம ஊர் நடுரோட்டுல சிலை. அதை எதிர்த்து நிக்கிறதுக்கு அந்தம்மா தனியா போகல, பள்ளிக்கூடம் போற வயசுல இருந்த மக அம்மாகண்ணுவையும் கையோட கூட்டிட்டுப் போனாங்க, ரெண்டு பேரையும் பிடிச்சு உள்ள போட்டாங்க. அந்தப் பொண்ணைத்தான் பிற்பாடு காந்தி பார்த்துட்டு லீலாவதின்னு பேர் வெச்சு ஆசிரமத்துக்கே கூட்டிட்டுப் போனார். சிலை மவுண்ட் ரோட்டை விட்டுப் போனது 1937ல, ராஜாஜி மந்திரிசபை வந்தப்புறம். பத்து வருஷம் முன்னாடியே அது எதிர்ல போய் நின்ன அம்மாவும் மகளும் இயன்ற அளவு உதவினாங்களாம்.

இன்னொண்ணு. வேலூர் ஜெயில்ல இருக்கும்போது அஞ்சலை அம்மாள் மாசமா இருந்தாங்க. பிரசவத்துக்குன்னு வெளிய விட்டாங்க, பிள்ளையைப் பெத்துட்டு அந்தக் கைக்குழந்தையோட திரும்ப ஜெயிலுக்கே போனாங்க, மிச்சத் தண்டனையை முடிக்க. அந்தப் பிள்ளைக்கு ஜெயில்வீரன்னே பேர், பின்னாடி ஜெயவீரன்னு ஆச்சு. நான் ரெண்டு பிள்ளை பெத்தவ சார். என் மூத்தவன் பொறந்தப்ப பச்ச உடம்புன்னு எங்க அம்மா என்னை வாசப்படி தாண்ட விடல, தலைக்கு ஊத்துற தண்ணி கொஞ்சம் ஆறிப்போனாக்கூட சண்டை போடுவாங்க. ஜெயில்ல வெந்நீர் யாரு வெச்சுக் கொடுத்திருப்பா? இந்தக் கேள்வி எனக்கு அப்பவே வந்துச்சு, இன்னும் போகல.

வ.உ.சி.ன்னா "கப்பல் விட்டார், செக்கிழுத்தார்"னு எழுதுறீங்க, எழுதவேண்டியதுதான், எனக்கும் கண்ணு கலங்குது. ஆம்பளைங்களுக்கு விட்டார், இழுத்தார், சுட்டார், தூக்கில் தொங்கினார்னு அவங்கவங்க செஞ்ச காரியம் வருது. பொம்பளைங்கன்னு வந்தா மட்டும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே "உதவினர்". போதாததுக்கு "பெண்களும்"னு ஒரு உம் வேற. முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு வரலாறும் தமிழும் எடுத்தவ நான், அந்த உம் என்ன வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியும், என்னை விட உங்களுக்கு நல்லாத் தெரியும்.

இது முதல் தடவை இல்ல சார். கேப்டன் லட்சுமி 2012ல கான்பூர்ல காலமானாங்க. அடுத்த வருஷம் ஜனவரியில நேதாஜி பிறந்தநாளுக்கு நீங்க போட்ட படத்துல, சீருடையில நிமிர்ந்து நிக்கிற அவங்களுக்குக் கீழ "நேதாஜி படையில் பணியாற்றிய நர்ஸ்"னு இருந்துச்சு. நர்ஸ் வேலை ஒண்ணும் குறைஞ்சது இல்ல, என் தங்கச்சியே நர்ஸ்தான். ஆனா லட்சுமி 1938ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சு முடிச்ச எம்.பி.பி.எஸ். டாக்டர், 1943ல நேதாஜியோட பெண்கள் படையான ஜான்சி ராணி படைக்கே தலைமை ஏத்தவங்க. அந்தப் படையில இருந்தவங்கள்ல நிறையப் பேர் மலேயா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டின நம்ம தமிழ்க் குடும்பத்துப் பொண்ணுங்க, இந்தியாவைக் கண்ணால பார்க்காமலே இந்தியாவுக்காகத் துப்பாக்கி எடுத்தவங்க. அப்பவும் உங்களுக்கு லெட்டர் போட்டேன். பதிலும் வரல, திருத்தமும் வரல. போகட்டும், இடமில்லாம இருந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

மார்ச் 8க்கு நீங்க போடுற மகளிர் சிறப்பிதழும் வருஷா வருஷம் வாங்குறேன். போன தடவை நாலு பக்கம் சமையல், ரெண்டு பக்கம் முகப்பொலிவு, கோலப்போட்டி முடிவு. சமையல் குறிப்பு நானும் வெட்டி எடுத்து வெச்சுக்கிறவதான். ஆனா ஒரு அரைப் பக்கம், ருக்மணி லட்சுமிபதிக்கு ஒரு அரைப் பக்கம் கிடைக்காதா? 1930 வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்துல கைதாகி ஒரு வருஷம் வேலூர் ஜெயில்ல இருந்தவங்க, 1946ல பிரகாசம் மந்திரிசபையில சுகாதார மந்திரி, சென்னை மாகாணத்துக்கே முதல் பெண் மந்திரி. எழும்பூர்ல ஒரு ரோட்டுக்கு அவங்க பேர். போர்டுல ருக்மணி லட்சுமிபதி சாலைன்னு இருக்கு, ஆட்டோக்காரர்கிட்ட சொன்னா எங்கம்மா அதுன்னு கேக்குறார், மார்ஷல்ஸ் ரோடுன்னு சொன்னாத்தான் வண்டி கிளம்புது.

எழும்பூர்னதும் ஞாபகம் வருது. நான் வேலையில இருந்தப்ப ஒரு வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களை டூர் கூட்டிட்டு மியூசியம் போனோம். நீல் சிலை இப்ப அங்கதான் இருக்கு. இந்த ஆளோட சிலையை எதிர்த்து ஜெயிலுக்குப் போனதுல நம்ம முதுநகர் அம்மா ஒருத்தங்க இருக்காங்கன்னு சொன்னேன். எங்க தெருப் பொண்ணு ஒண்ணு, க்ளாஸ்ல வாயே திறக்காது, "நம்ம முதுநகரா மிஸ்?"னு கேட்டுட்டு அந்தச் சிலையையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு, பஸ் கிளம்பப் போகுதுன்னு இழுத்துட்டு வரவேண்டியதா போச்சு. மியூசியம் இருக்கிற அதே ரோட்டுல கொஞ்ச தூரத்துல கோ-ஆப்டெக்ஸ் கட்டடம், தில்லையாடி வள்ளியம்மை மாளிகை. யாரு மிஸ் இவங்கன்னா எத்தனை டீச்சருக்குச் சொல்லத் தெரியும்? தென்னாப்பிரிக்காவுல பொறந்த பொண்ணு. 1913ல கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் எதுவும் செல்லாதுன்னு அங்க தீர்ப்பு சொன்னாங்க, அதாவது நம்ம வீட்டுப் பொண்ணுங்க யாரும் சட்டப்படி பொண்டாட்டியே இல்லன்னு ஆச்சு. அதுக்கும் இந்தியர்கள் மேல போட்ட மூணு பவுண்டு தலைவரிக்கும் எதிரா நடந்து ஜெயிலுக்குப் போய், காய்ச்சலோட வெளிய வந்து, 1914 பிப்ரவரி 22ல செத்துப்போச்சு. அன்னிக்குத்தான் அதுக்குப் பதினாறு வயசு முடியுது. படுக்கையில கிடக்கும்போது காந்தி போய், ஜெயிலுக்குப் போனதுக்கு வருத்தப்படுறியான்னு கேட்டிருக்கார், இப்ப பிடிச்சாலும் திரும்பப் போவேன்னு சொல்லியிருக்கு. இதுவும் உதவிதானா சார்?

அப்புறம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். அந்தப் பேரைத் தமிழ்நாட்டுல லட்சக்கணக்கான வீட்டுல உச்சரிச்சிருக்காங்க, ஏன்னா அது கல்யாண உதவித் திட்டத்தோட பேர். 1989ல வந்தது, 2022ல அதைப் புதுமைப் பெண் திட்டமா மாத்தி காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபா கொடுக்குறாங்க. என் அண்ணன் மகளுக்காக அந்தக் கல்யாண உதவிக்கு மனு கொடுக்க நானும் ஒரு ஆபீசுக்கு நாலு நாள் நடந்தேன். அங்க உட்கார்ந்திருந்தவர் "அந்த அம்மையார் ஸ்கீமா, அந்தப் பக்கம் போங்க"ன்னார். அம்மையார் யாருன்னு கேட்டேன், யாரோ பழைய மந்திரியா இருக்கும்னார். தேவதாசி முறையில பொண்ணுங்க படுறதைக் கிட்ட இருந்து பார்த்து அதை ஒழிக்கறதுக்கே வாழ்ந்தவங்க, 1938ல இந்தி எதிர்ப்புக்குத் திருச்சியில இருந்து சென்னை வரைக்கும் நடந்த படையில 55 வயசுல நடந்தவங்க, அந்த வருஷமே ஜெயிலுக்கும் போனவங்க. எனக்கு அங்கயே கோவம் வந்துச்சு, ஆனா மனு கையில இருக்கே, என்ன பேச முடியும்.

வேலு நாச்சியாரைப் பத்தி நீங்க எழுதுறீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா எப்பவும் "ஜான்சி ராணியைப் போல"ன்னு ஆரம்பிக்கிறீங்க. காளையார்கோவில்ல புருஷனைப் பறிகொடுத்தது 1772ல, விருப்பாட்சி, திண்டுக்கல்னு எட்டு வருஷம் காத்திருந்து, ஹைதர் அலிகிட்ட படை வாங்கி, சிவகங்கையைத் திரும்பப் பிடிச்சது 1780ல. ஜான்சி ராணி கத்தி எடுக்கறதுக்கு 77 வருஷம் முன்னாடி. யாரு சார் யாரைப் போல? வேலு நாச்சியார் படையில இருந்த குயிலியோட கதை சிவகங்கைப் பக்கம் ஜனங்க வாய்வழியா காப்பாத்தி வெச்சது, அதை எழுதும்போதும் கொஞ்சம் மரியாதையா எழுதுங்க. விவசாயக் கூலிகளுக்காகப் போராடின மணலூர் மணியம்மை, விடுதலைப் போராட்டத்துல நின்ன மதுரை ஜானகி அம்மாள் பேரெல்லாம் உங்க பக்கத்துல நான் பார்த்ததா ஞாபகமே இல்ல.

எங்க பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல ஆகஸ்ட் 15க்கு மாறுவேடப் போட்டி. பையனுங்க பாரதி, கட்டபொம்மன், வ.உ.சி. பொண்ணுங்கள்ல ஆறு பேர் ஜான்சி ராணி, ரெண்டு பேர் பாரதமாதா. என் பேத்தியை நான் அஞ்சலை அம்மாளா அனுப்பினேன். ஒரு கதர்ப் புடவை, இடுப்புல ஒரு துணிப் பொம்மை, அவ்வளவுதான். மேடையில நாலு வரி நல்லாத்தான் சொன்னா. கீழ இறங்கினதும் நடுவரா வந்திருந்தவர், "பாப்பா, நீ யாரோட அம்மா?"ன்னு கேட்டார். குழந்தை பதில் தெரியாம என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. அன்னிக்குச் சாயந்தரம் வீட்டுக்கு வந்துதான் உங்க மலரை ரெண்டாவது தடவை எடுத்துப் படிச்சேன்.

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. ரெண்டாம் பக்கத்துல திருத்தம்னு போடுவீங்களே, அதுல "உதவினர்" என்பதை "போராடினர், சிறை சென்றனர்" என்று வாசிக்கவும்னு ஒரு வரி போடுங்க. அந்த "பெண்களும்"ல இருக்கிற உம்மையும் எடுத்துடுங்க. முடிஞ்சா வர்ற மார்ச்சுல அஞ்சலை அம்மாளுக்கு அரைப் பக்கம். கேப்டன் லட்சுமி படத்துக்கு அன்னிக்கு எழுதின பழைய லெட்டரோட ஜெராக்ஸும் இதோட இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கடலூர் முதுநகர்.