தூர் கொடுத்த ஐயாவுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

பள்ளத்து வயலில் நட்ட தூர், அதாவது வேறொரு வயலின் நெற்குத்தில் கிளைத்ததைப் பிரித்து எடுத்த பயிர், பச்சை பிடித்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். மழை வெள்ளத்தில் எங்கள் வயல் மூழ்கியதைத் தலைஞாயிறு பக்கம் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

சோறு ஆக்கி அனுப்பியவர்களுக்கும், வடிகாலில் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்ட கல்லூரிப் பிள்ளைகளுக்கும், யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கை ஓர் இரவு கலந்து வைத்துப் போடச் சொன்ன வேளாண் அலுவலருக்கும், கூலியை அறுப்புக்கு அப்புறம் வாங்கிக்கொள்கிறோம் என்று இறங்கிய நடவு அக்காமார்களுக்கும் மனமார்ந்த நன்றி.

மன்னார்குடிப் பக்கத்து ஐயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் போட்டிருந்தது சி.ஆர். 1009 சப்-1. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் உயிர் பிடித்துக்கொள்ளும் ரகம். ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த குணம் அது. மேட்டு வயல் அதனால்தான் பிழைத்தது. பள்ளத்தில் தண்ணீர் அதற்கு மேலும் நின்று பயிர் அழுகிவிட்டது. புதிதாக நாற்று விட்டு நடப் பருவமும் இல்லை. அப்போதுதான் முன்பின் பழக்கமில்லாத ஐயா, யாரிடமோ நம்பர் வாங்கிக் கூப்பிட்டார்.

"எங்கிட்டேயும் அதே ரகம்தாம்மா, வயசும் ஒண்ணுதான். குத்துக்கு நாலு தூர் பிரிச்சு எடுத்துக்குங்க. பயிருக்கு ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்பது எங்கள் மனசுக்காகச் சொன்னது. தூர் குறைந்தால் கதிர் குறையும். அவருக்கு அது தெரியாதா? தெரிந்தேதான் கொடுத்தார். பக்குவமாகப் பிரிக்க வேண்டும் என்று சேற்றில் எங்களோடு அவரும் நின்றார். காசை நீட்டியபோது வாங்கவே இல்லை.

அவருடைய அப்பா 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை நட்டவராம். அப்போது நாட்டில் ஏறக்குறைய 50 கோடிப் பேர். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம். இத்தனை வாய்க்கு இந்தியாவால் சோறு போட முடியாது என்று வெளிநாட்டில் எழுதினார்கள். இன்று 140 கோடியைத் தாண்டியும் அரிசியை வெளியே அனுப்புகிறோம். ஐ.ஆர். 8 மாதிரி அதிக விளைச்சல் தரும் நெல் ரகங்கள் வராமல் இது நடந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதிக விளைச்சல் தரும் கோதுமை ரகங்களை உருவாக்கி 1970இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி நார்மன் போர்லாக்கே, இது தற்காலிக வெற்றிதான், மக்கள்தொகைப் பெருக்கத்துக்கு நடுவே மூச்சுவிட அவகாசம் கிடைத்திருக்கிறது என்றுதான் சொன்னார். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டு பிள்ளைக்கும் குறைவு என்றாகிவிட்டது; மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தும் பாதி வேலையை எங்கள் அம்மாக்கள் தலைமுறை செய்து காட்டிவிட்டது. மீதிப் பாதி, மழை இப்படிக் கொட்டும் காலத்தில் விளைச்சலைக் காப்பாற்றுவது, எங்கள் பொறுப்பு.

அதனால் அடுத்த சம்பாவில் மேட்டு நிலத்தில் ஒரு மா (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) அளவுக்கு நெருக்கி நட்டு வைக்கப்போகிறேன். யாருக்குப் பயிர் போனாலும் வந்து தூர் பிரித்துக்கொள்ளலாம். காசு வாங்க மாட்டேன்.