சித்தியின் சீட்டை வாசியுங்கள்: பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

தவக்காலம் தொடங்கி, மாதந்தோறும் மூன்றாம் ஞாயிறன்று பங்கு மண்டபத்தில் தாங்கள் நடத்திவரும் சமூகநீதிச் சொற்பொழிவுகளில் ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. வெளியூரிலிருந்து கற்றவர்களை வரவழைத்து, வந்தவர்களுக்கெல்லாம் தேநீரும் கொடுத்து இப்படியொரு கூட்டத்தை விடாமல் நடத்துவது எளிய காரியமன்று. அதற்கு மனதார நன்றி சொல்லிவிட்டுத்தான் சென்ற ஞாயிறு நடந்ததைப் பற்றி எழுதுகிறேன்.

அன்று பேச வந்தவர் ஒன்றரை மணி நேரம் உள்ளம் தொடும்படி பேசினார். 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள்மீது விதிக்கப்பட்ட 8 தடைகளை எடுத்துச் சொன்னார். பொன் நகையும் வெள்ளி நகையும் பூணக் கூடாது, ஆண்கள் சட்டை போடக் கூடாது, பெண்கள் பூ வைக்கக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல மண்டபம் அமைதியானது. அடுத்த ஆண்டு ஜூனில் அந்தத் தடைகள் 11 ஆயின என்றார். பிறகு நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் கண்டதேவிக்கு வந்தார். அங்கே கோயில் தேரின் வடத்தைத் தொடும் உரிமைக்காகத் தலித் மக்கள் நடத்திய நெடிய போராட்டத்தையும், பல ஆண்டுகள் நின்றுபோன தேர் 2024 ஜூனில் காவல்துறைப் பாதுகாப்போடு ஓடியதையும் அவர் விவரித்தபோது எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

அதன்பின் கேள்விச் சீட்டுகளை வாங்கினீர்கள். அவற்றில் ஒன்று என் சித்தியுடையது. அவர் புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் களத்தில் நெல் காயப்போடும் வேலை பார்க்கிறார். அவித்த நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டே இருந்து, பொழுது சாயுமுன் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால்தான் அந்த நாளின் கூலி. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் களத்திற்கு விடுமுறை கிடையாது. தங்கள் கூட்டம் மாலை 4 மணிக்குத் தொடங்குவதால் அதுவரை அவரால் ஒருமுறைகூட வர முடிந்ததில்லை. அன்று அரைநாள் கூலியை விட்டுவிட்டு, கணுக்காலில் ஒட்டிய உமியைக் கழுவிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொன்னதைச் சொன்னபடியே நான் எழுதி, நான்காக மடித்துக் கொடுத்தேன்.

கூட்டத்தை நடத்தியவர் மூன்று சீட்டுகளை வாசித்தார். நான்காவதாக எடுத்தது சித்தியின் சீட்டு. பிரித்துத் தனக்குள் படித்தார், மடித்தார், தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்தார், நேரமின்மையால் இத்துடன் முடித்துக்கொள்வோம் என்று அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகு நன்றியுரைக்கும் பொன்னாடைக்கும் இருபது நிமிடம் ஆயிற்று. எல்லோரும் போன பின் சித்தி மேடைக்குச் சென்று அந்தச் சீட்டை எடுத்துவந்தார். குவளையின் வட்டத் தடம் அதில் ஈரமாகப் பதிந்திருந்தது.

அதில் எழுதியிருந்தது இதுதான்: "என் அக்காவை முன்வாசல் வழியாகக் கொண்டுபோக ஏன் விடவில்லை?"

அவருடைய அக்கா என் தாயார். சென்ற கார்த்திகையில் காலமானார். நம் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்து நடுவே ஓடும் செம்புறாங்கல் சுவரைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது இடுப்பளவு உயரந்தான், சிறு பிள்ளைகள் தாண்டிக் குதித்து விளையாடுகிறார்கள். ஆனால் இறந்தவர்கள் அதைத் தாண்ட முடியாது. தார்ச்சாலையை ஒட்டிய முன்வாசல் அந்தப் பக்கத்தாருக்கு. தலித்துகளான எங்களுக்குக் கண்மாய்க் கரையைச் சுற்றிவந்து நுழையும் பின்வழி. இறந்தவர்களைச் சுமந்துசெல்லும் பங்கின் தூம்பா எங்கள் தெருவுக்கு வருவதில்லை என்பதால் மூங்கில் பாடையில்தான் தூக்கினோம். மூன்று நாள் மழை. கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்து, கரைப் பாதையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. முன்வாசலைத் திறந்துவிடும்படி கெஞ்சினோம். வழக்கத்தை மாற்றினால் ஊரில் சண்டை வரும் என்று பதில் வந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. பாதி வழியில் என் தம்பி சறுக்கி விழ, பாடை ஒரு பக்கம் சாய்ந்து அம்மாவின் கால்கள் சேற்றுத் தண்ணீரில் நனைந்தன. சித்தி தன் முந்தானையால் அந்தக் கால்களைத் துடைத்துக்கொண்டே கூட நடந்தார். குழியிலும் தண்ணீர் ஊறியிருந்தது, இறைத்துவிட்டுத்தான் இறக்கினோம்.

தங்களுக்கு முன்பிருந்த பங்குத்தந்தையின் காலத்தில் நடந்தது இது. ஆகவே இப்போதைய தந்தை அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேரவை அன்றும் இதே பேரவைதான். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். அதனால்தான் கேட்கிறேன்: சித்தியின் சீட்டை வாசியுங்கள், எல்லோர் முன்னிலையிலும் அதற்கு விடை சொல்லுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக் கொடி ஏற்றுகிறோம். 1950இல் அதே நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, மதத்தைக் காரணம் காட்டி நம்மைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. பின்னர் 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழி திறந்தது; தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. அது அநீதி, அதை எதிர்த்து ஊர்வலம் போவது சரி. நானும் கொடி பிடிக்கிறேன். ஆனால் மதம் மாறினாலும் சாதிக் கொடுமை தொடர்கிறது என்று தில்லிக்கு மனு எழுதும்போது, அதற்குச் சான்றாக இருப்பது நம் கல்லறைச் சுவர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். தில்லி மனம் மாற எத்தனை ஆண்டாகுமோ தெரியாது. இந்தச் சுவருக்குத் தில்லியின் அனுமதி தேவையில்லை.

திருச்சபை இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடமே சாதிப் பிரிவினை கூடாது என்று எடுத்துரைத்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள்ளேயே இந்தப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதை நம் மண்டபத்தில் ஒரு சீட்டிலிருந்து வாசிக்க ஏன் தயக்கம்? 1693இல் புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூருக்கு நாம் எல்லோரும் போகிறோம். அவருடைய இரத்தம் படிந்ததென்று அந்தச் செம்மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொள்கிறோம். அங்கே இரண்டு தெருவாரும் ஒரே இடத்தில்தான் குனிந்து மண் எடுக்கிறோம். திரும்பி வந்ததும் நம் மண் மட்டும் எப்படி இரண்டாகிறது?

கோபத்தில் ஏதேனும் சொல் கடுமையாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சொற்பொழிவை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த மூன்றாம் ஞாயிறு கூட்டத்தை எங்கள் தெருவின் சிலுவைக் கோயிலான குருசடி முன்பு வைத்துக்கொள்ளுங்கள். களத்து வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் வகையில் இரவு 7 மணிக்குத் தொடங்குங்கள். வெளியூர்ப் பேச்சாளர் வரட்டும், அவருக்கு முன்பு எங்களில் இருவர் பேச இடம் கொடுங்கள். கல்லறைச் சுவரையே அன்றைய பொருளாக வையுங்கள். விளக்கும் நாற்காலியும் தேநீரும் எங்கள் தெருக் குடும்பங்களின் இறைவேண்டல் குழுவான அன்பியத்தின் பொறுப்பு.

வரும் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று கல்லறைகளை ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்கு வரும்போது சித்தியும் நாங்களும் முன்வாசல் வழியாக மெழுகுவர்த்தியோடு நுழைய விரும்புகிறோம். அதற்குள் பேரவை கூடி முடிவெடுக்கப் போதிய நாள் இருக்கிறது. முதல் முடிவாக, சித்தியின் சீட்டை வாசியுங்கள். அது என்னிடம்தான் இருக்கிறது. கூட்டத்தன்று கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பங்கைச் சேர்ந்த,
கண்மாய்க் கரைத் தெரு அன்பிய உறுப்பினன்