கடன் நோட்டுக் கணக்கு

ஐயா,

சுரங்க வேலைநிறுத்தம் என்றாலே எத்தனை மெகாவாட் குறைந்தது என்றுதான் எழுதுகிறார்கள். நெய்வேலி பக்கம் மந்தாரக்குப்பத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் என்னிடம் வேறொரு கணக்கு இருக்கிறது.

2013 ஜூலையில், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் 5 சதவீதப் பங்குகளை மத்திய அரசு விற்கக் கூடாது என்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களை நம்பி நாலரை மணிக்கே அடுப்பு மூட்டுகிறவள் நான். அந்த நாட்களில் முதல் ஈடு இட்லி தீரவே எட்டு மணியானது. மாவைப் பாதியாகக் குறைத்தேன், அப்படியும் மிஞ்சிப் புளித்தது. ரொக்கம் கொடுத்துச் சாப்பிட்டவர்களே "நோட்டில் எழுதிக்கோங்கக்கா" என்றார்கள். சரி, எழுதினேன்.

கடைசியில் தமிழக அரசு நிறுவனங்களே 3.56 சதவீதப் பங்குகளை வாங்கிக்கொள்வது என்று முடிவானது. போராட்டம் முடிந்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் அடுத்த சம்பளத்திலேயே பாக்கியைத் தீர்த்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களில் சிலருக்குத் தீபாவளி வரை இழுத்தது. வாங்கும் கூலி அப்படி, நான் வற்புறுத்தவில்லை.

போராட்டம் தப்பு என்று சொல்ல வரவில்லை. அடுத்த முறை உங்கள் நிருபர் சுரங்க வாசலில் நடக்கும் கூட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர்களிடம் பேசிவிட்டு, அப்படியே எங்கள் தெருவுக்கும் வரட்டும். நோட்டைக் காட்டுகிறேன்.

இட்லிக் கடை அக்கா,
மந்தாரக்குப்பம்