ஏரிக்கரைத் தரைப்பாலத்தில் பள்ளிப் பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் பயமில்லாமல் போய்வர வழி கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்:
பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்,
ஏரிக்கரைத் தெரு மற்றும் பக்கத்துத் தெருக்கள்,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு உதவிச் செயற்பொறியாளர் அவர்கள்,
சாலைகள் பிரிவு, பகுதி அலுவலகம்,
சென்னை.

பொருள்: ஏரிக்கரைத் தரைப்பாலத்தை ஒட்டிப் பிள்ளைகளுக்கு நடைபாலம் அமைத்தல், பள்ளி நேரத்தில் லாரிகளை நிறுத்துதல் – வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: எங்களுடைய முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவைப் போன வருடம் ஆடி மாதத்தில் உங்கள் அலுவலகத்துக்கே வந்து கையில் கொடுத்தோம். இரண்டாவதைத் தீபாவளிக்கு முன்பு பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. மூன்றாவதைப் பொங்கல் முடிந்து கொடுத்தோம். அதற்கு ஒரு புகார் எண் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து அந்த எண்ணுக்கு 'புகார் முடித்து வைக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. அன்று சாயங்காலமே பாலத்துக்குப் போய்ப் பார்த்தோம். ஒரு செங்கல்கூட மாறவில்லை. எதை முடித்து வைத்தார்கள் என்று இன்று வரை எங்களுக்குத் தெரியவில்லை, ஐயா.

எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துச் சென்னையின் எல்லையை விரித்தபோது எங்கள் ஊராட்சியும் உள்ளே வந்தது. வரி நகரத்து வரி ஆனது. சாலை மட்டும் அன்று மாட்டு வண்டி போன அதே ஏரிக்கரைச் சாலைதான். போன மழையில் எல்லையம்மன் கோயில் பக்கம் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தபோது நீங்களே வந்து நின்றீர்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நாங்கள் சொல்லும் தரைப்பாலம்.

ஏரி நிரம்பினால் கலங்கலிலிருந்து உபரிநீர் போகும் கால்வாய் மேல்தான் அந்தப் பாலம். கோயிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஐந்து தெருக்கள். பாலம் தாண்டினால் அரசுத் தொடக்கப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளியும் ஒரே வளாகத்தில். வேறு வழி கிடையாது. மெயின் ரோடு சுற்றிப் போனால் மூன்றரை கிலோமீட்டர், அதிலும் சாலையைக் கடக்க ஒரு சிக்னல்கூட இல்லை.

பாலத்தை நாங்களே அளந்தோம். தையல் வேலை செய்யும் ஒரு அம்மாவின் இஞ்ச் டேப்பை வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், லாரி வராத நேரம் பார்த்து அளந்தோம். நீளம் 12 டேப், அதாவது 60 அடி. அகலம் மூன்று டேப்புக்கு ஓர் அடி குறைவு, 14 அடி. ஒரு தண்ணீர் லாரி எட்டு அடிக்கு மேல் இருக்கும். மிச்சம் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறடிகூட இல்லை. அந்த மிச்சத்திலும் கிழக்குப் பக்கம் தார் பெயர்ந்து ஓரம் முழுக்கச் சரளைக்கல். கைப்பிடிச் சுவர் அந்தப் பக்கம் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. உடைந்த இடத்தில் யாரோ இரண்டு சவுக்குக் கட்டையை நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிறும் போன கோடையில் அறுந்துவிட்டது. கீழே ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதால் கால்வாய் எவ்வளவு ஆழம் என்றே பார்த்தால் தெரியாது.

காலை 8 மணிக்கு அங்கே நடப்பதைச் சொல்கிறோம். தொடக்கப் பள்ளியில் காலை உணவு இருப்பதால் சின்னப் பிள்ளைகள் எட்டேகாலுக்குள் போயாக வேண்டும். அந்தத் திட்டம் 2022-இல் தொடங்கி 2023-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் வீடுகளில் பல அம்மாக்கள் ஏழரைக்கே கம்பெனி வண்டி ஏறுகிறவர்கள். பிள்ளை பள்ளியில் சூடாகச் சாப்பிடுகிறது என்ற நிம்மதி அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்று சொல்லி முடியாது. ஆனால் அதே நேரத்தில்தான் தண்ணீர் லாரியும் எம் சாண்ட் ஏற்றிய டிப்பரும் வரிசை கட்டுகின்றன. 7.45-இலிருந்து 8.45 வரை உட்கார்ந்து எண்ணினோம், இருபதுக்கு மேல். எதிரெதிரே இரண்டு வந்துவிட்டால் ஒன்று ரிவர்ஸ் எடுக்க வேண்டும். பின்னால் நிற்கும் பிள்ளை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டோம். பாலத்தின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர், கையில் சிவப்புத் துண்டு. பத்துப் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்ததும் துண்டை ஆட்டி லாரியை நிறுத்துவோம், பிள்ளைகள் ஓடும். சில டிரைவர்கள் நல்லவர்கள், தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். சிலர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே மாட்டார்கள். முறை வரும் நாளில் வேலைக்கு லேட். லேட்டானால் அரை நாள் சம்பளம் போகும். ஒரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

ஐயா, இனி நான் ஒரு தாயாக எழுதுகிறேன். போன மார்கழியில் நடந்ததை மூன்றாவது மனுவில் இரண்டு வரியில் எழுதினோம். இரண்டு வரியாக எழுதியதால்தான் யாரும் படிக்கவில்லையோ என்னவோ. இந்த முறை முழுதாக எழுதுகிறேன்.

என் மகள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் சைக்கிள் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க விடவில்லை, அவ்வளவு ஆசை. மூன்றாவது படிக்கும் தம்பியைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு போவாள். அன்று பனி. எதிரே தண்ணீர் லாரி வருவதைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறாள், சுவர் உடைந்த அதே இடத்தில். வேறு எங்கே நிற்பாள்? லாரியின் பின்பக்கம் ஹேண்டில்பாரில் உரசியது. அவள் சைக்கிளை விட்டுவிட்டுத் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். சைக்கிள் கால்வாய்க்குள் போனது. பையனின் சாப்பாட்டுப் பையும் அதோடு போனது. பிள்ளைகள் இரண்டு பேரும் சரளையில் விழுந்து முட்டி பெயர்ந்ததோடு தப்பினார்கள்.

சைக்கிளை அன்று மத்தியானம் மீன் பிடிக்கிறவர் ஒருவர் கயிறு போட்டு எடுத்துக் கொடுத்தார். முன்சக்கரம் வளைந்திருந்தது. சரி செய்து வைத்திருக்கிறோம். ஆனால் அவள் தொடுவதில்லை. பின் டயரில் காற்று இறங்கி, திண்ணையில் சாத்தியபடியே இருக்கிறது. சின்னவன் இன்றும் பாலம் வந்தால் என் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொள்கிறான். லாரி போன பிறகும் பிடியை விடுவதில்லை. பிடித்த இடம் கசங்கி ஈரமாக இருக்கும், அவன் கை வியர்வை.

எங்கள் தெருவில் இதே போல இன்னும் நான்கு சைக்கிள்கள் சும்மா கிடக்கின்றன. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்த திட்டம், பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தது. பெண் பிள்ளை தூரத்தைக் காரணம் காட்டிப் படிப்பை நிறுத்தக் கூடாது என்றுதானே கொடுத்தார்கள்? எங்கள் பிள்ளைகளுக்குத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. அந்த 60 அடிதான் பிரச்சினை. ஷேர் ஆட்டோவில் அனுப்பலாம் என்றால் ஒரு பிள்ளைக்கு மாதம் 800 ரூபாய் கேட்கிறார்கள், அந்த ஆட்டோவும் அதே பாலத்தில்தான் போகிறது.

ஆகவே தங்களிடம் நாங்கள் பணிந்து கேட்டுக்கொள்வது:

1. பாலத்தின் கிழக்குப் பக்கம், கால்வாய் மேல் தனியாக இரும்புத் தூண் நிறுத்தி, பிள்ளைகள் நடக்கவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவும் ஒரு நடைபாலம். நடைபாதைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த குறைந்தபட்ச அகலம் 1.8 மீட்டர், கிட்டத்தட்ட ஆறடி. அந்த ஆறடி போதும். இருபுறமும் கம்பித் தடுப்பு வேண்டும்.

2. அது முடியும் வரை, உடைந்த கைப்பிடிச் சுவரை உடனே கட்டித் தர வேண்டும். இதற்கு டெண்டர், மதிப்பீடு என்று ஒரு வருடம் ஆகும் என்றால் எங்களால் நம்ப முடியவில்லை.

3. காலை 7.45 முதல் 9 வரையும், மாலை 4 முதல் 5 வரையும் இந்தச் சாலையில் லாரி வரக் கூடாது. போக்குவரத்துக் காவல் துறைக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் நடக்கும். நாங்கள் நேரில் போய்க் கேட்டபோது 'சாலையை வைத்திருக்கிற அலுவலகத்திலிருந்து கடிதம் வரட்டும்' என்றார்கள். உங்கள் அலுவலகத்தில் கேட்டபோது 'அது போலீஸ் வேலை' என்றார்கள். நடுவில் பிள்ளைகள் நிற்கிறார்கள், ஐயா.

4. பாலத்தின் இரு முனையிலும் முறையான வேகத்தடை. போன வருடம் ஒன்று போட்டார்கள், முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தாக. அதில் சைக்கிள் பிள்ளைகள்தான் விழுந்தார்கள், பிறகு யாரோ கொத்தி எடுத்துவிட்டார்கள். வட்டமாக, 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, வெள்ளைக் கோடு போட்டு அமைக்க வேண்டும் என்று விதி இருப்பது உங்களுக்குத் தெரியும்.

5. கோயில் முதல் பாலம் வரை மழைநீர் வடிகாலுக்கு மூடி. தெருவிளக்கு.

6. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஐப்பசி வந்தால் கலங்கல் வழிந்து பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடும். கணுக்கால் அளவுதான், பெரியவர்கள் நடந்துவிடுவோம். ஆனால் எது சாலை, எது கால்வாய் என்று அப்போது தெரியாது. சுவர் இருந்தாலாவது அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். சுவர் இல்லாத இடத்தில் ஆறு வயதுப் பிள்ளை எதைப் பிடிக்கும்? போன வருடம் மழை விடுமுறை விட்ட நாட்களைத் தவிர மற்ற நாட்களில் பிள்ளைகளை இடுப்பில் தூக்கித்தான் கடந்தோம். ஒன்பது வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்திருக்கிறேன். இந்த வருடமும் அதே மழை வரப்போகிறது. நடைபாலம் அதற்குள் முடியாது என்று எங்களுக்கும் தெரியும். சுவரையாவது கட்டுங்கள். சுவரையாவது கட்டுங்கள், ஐயா.

பணம் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் என்று இந்த நகரத்துக்கு ஒரு கொள்கை வகுத்தார்கள். 2019-இல் பாண்டி பஜாரில் அழகான நடைபாதை வளாகம் திறந்தார்கள். நாங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம், சந்தோஷப்பட்டோம். கடைவீதிக்கு அவ்வளவு செய்ய முடிகிற ஊரில் பள்ளிக்கூடத்துக்கு 60 அடி செய்ய முடியாதா? நல்ல நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருப்பதாகவும் படித்தோம். சாலையைத் தரப்படி அமைக்காமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமாம். உங்களை மிரட்ட இதை எழுதவில்லை. பிள்ளை போன பிறகு அந்த ஒரு லட்சம் யாருக்கு வேண்டும்? பிள்ளை இருக்கும்போதே கேட்கிறோம்.

வார்த்தை எங்காவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனது. உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. மழையில் முழங்கால் தண்ணீரில் நின்று வேலை பார்த்தவர் நீங்கள், அதை இந்த ஊர் மறக்கவில்லை. அதனால்தான் நான்காவது முறையும் உங்களிடமே வருகிறோம்.

பெற்றோர்களின் கையொப்பங்களையும், பாலத்தின் படங்களையும், முந்தைய மனுக்களின் நகல்களையும் இத்துடன் இணைத்துள்ளோம். அவற்றையெல்லாம் விட, ஒரு நாள் காலை எட்டு மணிக்கு நீங்கள் பாலத்துக்கு வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. பள்ளி இருக்கிற எந்த நாளில் வந்தாலும், முனைக்கு ஒருவராகச் சிவப்புத் துண்டோடு நாங்கள் அங்கேதான் நிற்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைத் தெரு மற்றும் பக்கத்துத் தெருக்களின் பெற்றோர்கள்

இடம்: சென்னை