தாளில் எல்லாத் தப்பையும் ஏன் திருத்துவதில்லை?

நம் ஆங்கில எழுத்துப் பயிற்சி மையத்தின் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

இந்த செமஸ்டர் தொடங்கியதிலிருந்து பெற்றோர் பலர் போன் செய்து ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். "பையன் எழுதின கட்டுரையில இன்னும் தப்பு இருக்கே, அதைச் சுழிக்காமலே குடுத்திருக்கீங்களே சார்?" கேட்பது நியாயம்தான். காசு கட்டி அனுப்புகிறீர்கள், தாள் அரைகுறையாகத் திருத்தி வந்தது போலத் தெரிகிறது. ஆனால் நாங்கள் தெரிந்தேதான் அப்படி விடுகிறோம். காரணத்தைப் போனில் சொன்னால் பாதியில் அறுந்துபோகிறது, அதனால் எழுதிவிடுகிறோம்.

ஒரு தாளில் முப்பது பிழை இருந்தால் முப்பதையும் சிவப்பு மையில் அடித்து, சரியான வாக்கியத்தை மேலே எழுதிக் கொடுப்பது எங்களுக்குச் சுலபம். மாணவர் அதைப் பார்த்து ஃபேர் காப்பி எடுப்பார். தாள் அழகாக இருக்கும், வீட்டில் காட்டலாம். அடுத்த வாரம் அதே முப்பதும் புதுக் கட்டுரையில் வந்து நிற்கும். ஏனென்றால் யோசித்தது நாங்கள், அவர் பார்த்து எழுதினார், அவ்வளவே. அதனால் ஒரு தாளுக்கு இரண்டு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதையும் திருத்துவதில்லை. பிழை இருக்கும் வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைப்போம். அந்த வரியில் எது தப்பு என்று தேடி மாற்றுவது மாணவரின் வேலை. எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவோம். மற்ற பிழைகள் எங்கள் கண்ணில் படாமல் இல்லை, அவற்றுக்கும் முறை வரும்.

எந்த இரண்டு என்பது ஆளுக்கு ஆள் மாறும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களிடம் முதலில் பார்ப்பது, வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை. "கடைக்குப் போய், பேனா வாங்கி, வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து எழுதினேன்" என்று தமிழில் எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். கடைசியில் ஒரு வினைமுற்று வந்து எல்லாவற்றையும் கட்டி முடித்துவிடும். அதே ஓட்டத்தில் ஆங்கிலம் எழுதும்போது நான்கு முழு வாக்கியங்களைக் கமா போட்டு ஒட்டிவிடுகிறார்கள். இதைச் சரிசெய்யத் தடிமனான ஆங்கில இலக்கணப் புத்தகம் தேவையில்லை. பள்ளியில் படித்த தமிழ் இலக்கணமே போதும். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயின் கீழ் ஒரு கோடு, வினைமுற்றின் கீழ் இரண்டு கோடு போடச் சொல்கிறோம். கமாவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி என்று வந்து, நடுவில் இணைப்புச் சொல் எதுவும் இல்லையென்றால், அங்கே கமா மட்டும் தாங்காது. முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது ஒரு இணைப்புச் சொல் வேண்டும். கோடு போடப் பழகிவிட்டால் இன்னொரு பிழையும் தானாக மாட்டும். "தி ரிசல்ட்ஸ் ஆஃப் தி எக்ஸ்பெரிமென்ட் ஷோஸ்" என்று எழுதியவர், வினைக்குப் பக்கத்தில் இருக்கிற எக்ஸ்பெரிமென்ட் எழுவாய் இல்லை, தள்ளி நிற்கிற ரிசல்ட்ஸ்தான் எழுவாய் என்று தானே பார்த்து ஷோஸை ஷோ ஆக்கிவிடுவார்.

'ஏ', 'தி' எங்கே போடுவது என்பது பெரிய தலைவலி. அதற்கும் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு, அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணு" என்று கதை சொல்லும்போது 'ஒரு' எங்கே வந்தது, 'அந்த' எங்கே வந்தது என்று யாரும் குழம்புவதில்லை. அங்கிருந்து தொடங்குகிறோம். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. சூரியனுக்கு முதல் தடவையே 'தி' போட வேண்டும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் 'தி' போடுகிற பழக்கம் இதில் குறையும்.

வகுப்பில் தமிழ் பேசலாமா என்று ஒரு அம்மா கேட்டார். தாராளமாகப் பேசலாம். என்ன சொல்லப் போகிறோம் என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்ல முடியாதவரால் ஆங்கிலத்திலும் எழுத முடியாது. நாங்கள் நடத்துவது ஸ்பீக்கிங் வகுப்பு அல்ல. "முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம்" என்று மின்கம்பத்தில் ஒட்டியிருப்பவர்களோடு எங்களுக்குப் போட்டியும் இல்லை.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு வாக்கியம் சரியாக வரும், கட்டுரை வராது. நம் பள்ளிகளில் கட்டுரை என்றால் முன்னுரை, நடுவில் உட்தலைப்புகள், முடிவுரை, ஊடே ஒரு குறள், ஒரு பாரதி வரி. தமிழ்த் தேர்வுக்கு அது சரி, மதிப்பெண் கொட்டும். நமக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. அதே சட்டகத்தைக் கல்லூரி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தால்தான் சிக்கல். "இன் திஸ் மாடர்ன் வேர்ல்டு" என்று ஆரம்பித்து, இணையத்தின் நன்மைகள் ஒரு பத்தி, தீமைகள் ஒரு பத்தி, அளவோடு பயன்படுத்துவோம் என்று முடித்துவிடுகிறார்கள். படித்து முடித்த பிறகும் எழுதியவர் எந்தப் பக்கம் என்று தெரியாது. பேராசிரியர் தேடுவது அதைத்தான்: உன் கருத்து என்ன, ஏன் அப்படிச் சொல்கிறாய், ஆதாரம் என்ன, மறுப்பவருக்கு என்ன பதில். இதற்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சி, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் அது சொல்வதைத் தமிழில் ஒரே வரியில் எழுதுவது. எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தியை அடித்துவிட வேண்டும். முதல் மாதம் இதில் ரொம்பக் கோபம் வரும். வரட்டும்.

கடிதம், ஈமெயில் எல்லாம் தனியாகப் பெரிய பாடம் இல்லை. "ரெஸ்பெக்டட் சார், ஐ பெக் டு ஸ்டேட்" என்பதைக் கைவிட்டு, முதல் வரியிலேயே கேட்க வேண்டியதைக் கேட்கப் பழகினால் போதும்.

அடுத்தது போன். வகுப்புக்குள் வந்ததும் போனை வாசல் அலமாரியில் வைக்கச் சொல்கிறோம், முதல் வரைவைப் பேனாவால் எழுதச் சொல்கிறோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டில் எழுதிக்கொண்டு வரும் முதல் வரைவை வைத்து எங்களால் எதுவும் சொல்ல முடிவதில்லை. பிழையே இல்லாத தாளில் மாணவருக்கு எங்கே கால் இடறுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செமஸ்டர் தேர்வில் மூன்று மணி நேரம் பேனாவோடு உட்கார வேண்டியவரும் அவர்தான். அதற்காக அந்தக் கருவிகளே கூடாது என்று சொல்லவில்லை. சொந்த வரைவை எழுதி முடித்த பிறகு, "இந்த வாக்கியம் ஏன் தப்பு?" என்று கேட்பது நல்ல உபயோகம். "எழுதிக் கொடு" என்பதை நாங்கள் ஏற்பதில்லை.

நாங்கள் செய்யாத வேலைகளையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாதங்களில் இதற்காகவே நிறைய போன் வருகிறது. எஸ்ஓபி, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கி விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரை, எழுதித் தர மாட்டோம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஆய்வேடு எழுதித் தர மாட்டோம். "சிமிலாரிட்டி அதிகமா காட்டுது, வார்த்தையை மாத்திக் குறைச்சுத் தர முடியுமா?" என்பதும் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, முதுகலை மற்றும் ஆய்வு மாணவர்களின் ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்கு (சிமிலாரிட்டி என்பது இதைத்தான்) தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பலர் கவனிக்காத ஒன்று, மேற்கோள் குறிக்குள் போட்டு யார் சொன்னது என்று முறையாகக் காட்டிய பகுதியை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே வார்த்தையை மாற்றி ஒளித்துவைப்பதை விட, மேற்கோள் காட்டக் கற்றுக்கொள்வது சுலபமும் பத்திரமும். அதை நாங்கள் சொல்லித் தருகிறோம்.

எஸ்ஓபிக்கும் ஒரு உதவி உண்டு. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்போம். நீர்வளப் பொறியியலில் எம்எஸ் படிக்க விண்ணப்பித்த ஒரு பெண், சிறு வயதிலிருந்தே தண்ணீர் மீது ஈர்ப்பு என்று ஆரம்பித்திருந்தார். அப்படி எழுதாத ஆளே இல்லை. நோண்டி நோண்டிக் கேட்டதில், தன் தெருவின் மழைநீர் வடிகாலுக்குச் சரிவு எந்தப் பக்கம் என்று தோழிகளோடு அளந்து, அது தப்பான பக்கம் சரிந்திருப்பதைக் கண்டுபிடித்த கதை வெளியே வந்தது. அதைச் சொல்லவே தோன்றவில்லையாம், "அது சும்மா செஞ்சது சார்" என்றார். கடைசியில் முதல் பத்தி அதுதான். எழுதியது அவரே.

வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிப்பவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கு ஒரு குறிப்பு. அதன் ரைட்டிங் தாளில் முதல் பகுதிக்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாவதற்கு 250. மதிப்பெண்ணில் இரண்டாவதன் எடை முதலாவதைப் போல இரு மடங்கு. அதனால் மொத்தமுள்ள 60 நிமிடத்தில் 40ஐ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்த கட்டுரையைத் தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார்.

வீட்டில் என்ன செய்ய வைக்கலாம் என்றும் கேட்கிறீர்கள். சென்னையில் எந்த வீட்டிலும் கிடைக்கும் அறிவுரை "ஹிந்து பேப்பர் படி, இங்கிலீஷ் தானா வரும்." அது மார்கழி சீசனில் சபா சபாவாகக் கச்சேரி கேட்பது போலத்தான்: ரசனை வளரும், பாட்டு வராது. அதிலும் தலையங்கத்தைப் பிடித்துக்கொண்டு கனமான சொற்களைக் குறித்துவைத்து, அடுத்த கட்டுரையில் தூவிவிடுகிறார்கள். அதற்குப் பதில் ஒரு சாதாரணச் செய்தியை எடுங்கள். நான்கு பத்தி போதும். படித்துவிட்டு மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதி, பிறகு அச்சில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். வாரம் இரண்டு முறை செய்தால் நல்லது. வீட்டில் இடமோ அமைதியோ இல்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கவும் அங்கே தனி இடம் உண்டு.

எவ்வளவு நாளாகும் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: ஒரு செமஸ்டராவது பொறுங்கள். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதனால்தான் பழைய தாள்களை எடைக்குப் போடாதீர்கள் என்கிறோம்.

கட்டணத்தில் மாற்றமில்லை. லாங் சைஸ் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று, ஒரு வரி விட்டு ஒரு வரி எழுத வேண்டும். துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் தி. நகர் பக்கத்திலிருந்து வருபவர்கள் சிரமப்பட்டு வர வேண்டாம், ஒரு குறுஞ்செய்தி போதும். மழைக்காகக் கலெக்டர் கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டால் நமக்கும் விடுமுறை. அந்த வகுப்பு அடுத்து வரும் ஞாயிறு மதியம் நடக்கும்.

அன்புடன்,
பயிற்சி மைய ஆசிரியர்கள்
மேற்கு மாம்பலம், சென்னை